ஏழாவது நடை

அந்தக் கூடு என் மேசைக்கு வந்தபோது அதன் முழங்கால் மூட்டுகளில் மலை மண் ஒட்டியிருந்தது. வலது மார்புப் பட்டை அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்தவனை வெளியே எடுக்க வேறு வழியில்லை என்று கூடவே வந்த காகிதம் சொன்னது.

கூடு என்பது சிப்பாய்கள் வைத்த பெயர். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்கிற உலோகச் சட்டம் அது. மூட்டுக்கு மூட்டு மோட்டார், முதுகில் பேட்டரிப் பெட்டி. அறுபது கிலோ சுமையோடு பனிமலை ஏறுகிறவனுக்கு ஆறு கிலோ சுமப்பதுபோல் இருக்கும். பதினோரு வருடங்களாக நான் செய்த வேலை, கட்டியிருக்கிறவனின் நடையை அதற்குக் கற்றுக்கொடுப்பது.

காகிதத்தோடு ஒரு மனிதரும் வந்தார். பிரிகேடியர் இளம்பரிதி. விருதுக் குழுவின் செயலாளர்.

"ஒரே ஒரு கேள்விதான் மேடம். லான்ஸ் நாயக் தணிகைவேல் எத்தனை மணிக்கு இறந்தான்?"

"டாக்டர் சொல்லலையா சார்?"

"டாக்டர் ஒண்ணு சொல்றார். ஆறு பேர் வேற ஒண்ணு சொல்றாங்க. குண்டு இதயத்துக்குள்ள போயிருக்கு, ரெண்டு அடிகூட எடுத்து வச்சிருக்க முடியாதுங்கறார் டாக்டர். காலையில குண்டடிபட்ட பிறகு மத்தியானம் வரைக்கும் எங்களை ஒவ்வொருத்தரா தூக்கிட்டு இறங்கினான்னு ஆறு பேரும் சொல்றாங்க. கடைசியா ஒரு தடவை மேலே போனப்போ இன்னொரு குண்டு பட்டு செத்திருப்பான்னு எழுதியிருக்காங்க. ஆனா உடம்புல இருந்தது ஒரே ஒரு குண்டு."

"பதிவுல இருக்கும் சார். பார்த்துச் சொல்றேன்."

அவர் எழுந்தார். பிறகு நின்றார். "நாட்டோட மிகப் பெரிய விருதுக்குப் பேர் போயிருக்கு. உயிரோட இருந்து செஞ்சாத்தான் அது வீரம். நான் சொல்றது புரியுதில்ல?"

புரிந்தது.

மேல் பதிவுப் பெட்டி சுலபமாகத் திறந்துகொண்டது. அது நிறைந்த பிறகு பதிவைத் தொடர்கிற, முதுகுக்குள் இருந்த இரண்டாவது பெட்டியில் பனிநீர் புகுந்திருந்தது. அதை உலர்த்தும் அறையில் வைத்துவிட்டு, இருந்ததை முதல் நாளிலிருந்து படித்தேன். அவன் இறந்த நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கலாம். ஆனால் ஒருவனுடைய கடைசி அடியைச் சொல்ல வேண்டுமென்றால் அவனுடைய சாதாரண அடி எப்படி என்று தெரிய வேண்டும்.

இரண்டு வருடம் இரண்டு மாதம் அவன் அந்தக் கூட்டைக் கட்டியிருந்தான். முகம் பார்க்காத ஒருவனை இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துகொள்ள முடியும் என்று நான் நினைத்ததில்லை. இடது கால் வலதைவிட ஒரு நூல் நீளமாக எட்டு வைக்கும். சாப்பாட்டுக்குக் கூப்பிடும் மணிக்கு வேகம் கூடும். கடிதம் வந்த நாள்களில் காரணமில்லாமல் கூடாரத்தைச் சுற்றி நடப்பான். பிரிவில் மொத்தம் பத்துப் பேர். யாராவது பின்தங்கினால் இவனுடைய எட்டு தானாகவே குறுகும்.

இன்னொன்றும் இருந்தது. பாதையில் விளிம்பு வரும்போதெல்லாம், ஒரு பக்கம் பள்ளம் திறக்கும்போதெல்லாம், அவனுடைய இதயம் நூற்றைம்பதுக்குத் தாவியது. கால் அரை நொடி நின்றது. பிறகு போனது. முதல் வாரத்தில் மட்டுமல்ல, இரண்டு வருடமும் அப்படித்தான். அந்த மலையில் விளிம்பில்லாத பாதையே கிடையாது. அவன் தினமும் பயந்திருக்கிறான், தினமும் நடந்திருக்கிறான், கூட இருந்த ஒருவருக்கும் அது தெரிந்ததாகக் குறிப்பே இல்லை.

கடைசி நாளுக்கு வந்தேன்.

காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். இதயத் துடிப்பு நின்றது. தடுமாற்றம் இல்லை, தேய்வு இல்லை. ஒரு கோடு.

கூடு நான்கு நிமிடம் அசையாமல் நின்றது.

ஏழு பதினாறுக்கு நடக்கத் தொடங்கியது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி படித்தேன். நேரம் மாறவில்லை. உடம்பிலிருந்து ஒரு சமிக்ஞைகூட இல்லை. கூடு போய்க்கொண்டிருந்தது. சிகரத்துக்குக் கீழே தொள்ளாயிரம் மீட்டரில் மருத்துவப் பங்கர். ஆறு முறை கீழே, நடுவில் ஐந்து முறை மேலே. கீழே வரும்போதெல்லாம் முதுகில் ஒரு ஆள் எடை. பாதி வழியில் அந்தச் சரிவின் மோசமான விளிம்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் அங்கே வந்ததும் கூட்டின் கால் அரை நொடி நின்றது. பிறகு போனது.

பயந்தவன் இறந்துவிட்டான். அவனுடைய தயக்கம் மட்டும் அந்த இரும்பில் இருந்தது. தயக்கத்துக்குப் பிறகு எடுத்து வைக்கிற அடியும் இருந்தது.

முதல் நான்கு நடைகளில் கூட்டைச் சுற்றிக் குண்டுகள் விழுந்த அதிர்வு பதிவாகியிருக்கிறது. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் ஒன்றுகூட இல்லை. எதிர்ச்சிகரத்தில் இருந்தவர்கள் தொலைநோக்கியில் பார்த்திருப்பார்கள். ஏன் சுடுவதை நிறுத்தினார்கள் என்று யாரும் போய்க் கேட்க முடியாது.

பிரிகேடியரிடம் சொன்னேன்.

"இதயம் நின்னா பூட்டிக்கணும்னு விதி இருக்கே?"

"உடம்பிலிருந்து பத்து நொடி பதில் வரலைன்னா பூட்டிக்கணும். அதுதான் சார் விதி. ஆனா கூடு தாமதமா நகருதுன்னு ஆரம்பத்துல எல்லாரும் குறை சொன்னாங்க. அதனால பதில் வர்றதுக்கு முன்னாடியே என்ன பதில் வரும்னு யூகிச்சு நகரப் பழக்கினோம். நாள் ஆக ஆக யூகம் சரியா இருந்துச்சு. சரியா இருந்த யூகத்தையே பதிலா எடுத்துக்க விட்டோம். நான்தான் அதை எழுதினேன்."

"அதாவது?"

"அவர் இல்லைன்னு அதுக்குத் தெரியாது சார். அந்த நேரத்துல அவர் என்ன செஞ்சிருப்பாரோ அதைச் செஞ்சிருக்கு."

"அப்போ தூக்கினது மெஷின்."

"தூக்கச் சொல்லி அந்த மெஷின்ல ஒரு வரிகூட நாங்க எழுதலை சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிவு ஈரத்துல கெட்டுப்போச்சு, நேரம் தெரியலைன்னு நீங்க எழுதினா, ஆறு சாட்சி போதும். எழுதச் சொல்லலை. எழுதினா என்ன ஆகும்னு சொல்றேன். ரிப்போர்ட் தர்றதுக்கு மூணு வாரம் இருக்கு."

சாட்சிகளில் ஒருவன் ராணுவ மருத்துவமனையில் இருந்தான். ஜெஸ்டின். கன்னியாகுமரிக்காரன், இருபத்திரண்டு வயது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மூன்றாவது நடையில் இறங்கியவன்.

"எக்கா, நான் பாறைக்க அடியில கெடந்தேன். அண்ணன் வந்து எனக்கு முதுகக் காட்டி உக்காந்தாரு. ரெண்டு கையையும் புடிச்சு தோளுல போட்டுக்கிட்டு எந்திரிச்சாரு. ஒண்ணும் பேசல்ல. மூஞ்சில பனிமூடி. நாந்தான் பேசிக்கிட்டே வந்தேன்."

"என்ன பேசினே?"

"எல்லாம் பேசினேன். அம்மைக்கு ஒரு பொய் சொல்லி வச்சிருந்தேன், அதச் சொன்னேன். சாவப்போறோம்னு நெனச்சா வாய் நிக்காதுல்லா. தண்ணி குடிங்கண்ணேன்னு குப்பிய நீட்டினேன். வாங்கல்ல. கோவமா இருக்காராக்கும்னு நெனச்சேன். பங்கர் வாசல்ல எறக்கி விட்டுட்டு அந்தாக்குல திரும்பிட்டாரு. மருந்துக்காரன் கையப் புடிச்சு இழுத்தான், உருவிட்டுப் போயிட்டாரு."

சொல்லாமல் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் விசாரணையில் இது வாசிக்கப்படும். யாரோ ஒரு அதிகாரியின் வாயிலிருந்து அவன் கேட்கக் கூடாது. சொன்னேன். ஏழு பன்னிரண்டு என்று சொன்னேன். அவனை முதுகில் ஏற்றியது பத்து மணிக்கு என்றும் சொன்னேன்.

ஜெஸ்டின் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணியது.

"அப்போ நான் யாருகிட்ட பேசினேன்?"

மேசையிலிருந்த தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"எக்கா, அவரு முதுகு சூடா இருந்துச்சு. நான் கன்னத்த வச்சுக்கிட்டு வந்தேன். சூடா இருந்துச்சு எக்கா."

மோட்டார்கள் ஓடும்போது முதுகுப் பெட்டி முப்பத்தெட்டு டிகிரி வரை போகும். அதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டான். வாசல்வரை போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது: "அவருக்கு அப்பா இருக்காரு. அவருகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

ஆற்காட்டில், நெல் ஏலம் விடும் கமிட்டி வளாகத்தில் அவன் அப்பா மாசிலாமணியைக் கண்டுபிடித்தேன். மூட்டை தூக்குகிறவர். ஐம்பத்தாறு வயது, கறுத்துச் சிறுத்த உடம்பு. மகன் இறந்து முப்பத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது. வேலைக்கு வந்திருந்தார். "ஊட்ல குந்திகினு இன்னா பண்றது" என்றார்.

எடைமேடைக்கு அருகே வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். மகனைப் பற்றிக் கேட்டேன்.

"ப்ளஸ் டூ முடிச்சிட்டு ரெண்டு வருசம் எங்கூட இங்கதான் மூட்ட தூக்கினான். ஆள் எடுக்கிறாங்கன்னு ரெண்டு தபா ஓடினான். ஓட்டத்துல போயிட்ச்சு. மூணாந்தபா எடுத்துகினாங்க. எதுக்குடா அங்கன்னு கேட்டேன். 'இங்க நெல்லு தூக்கறேன், அங்க துப்பாக்கி தூக்கறேன், சம்பளத்தோட ஊர் சுத்திப் பாக்கலாம்பா'ன்னான். நல்லா துன்னுவான். லீவுல வந்தான்னா பாய் கடையில பரோட்டா பத்தாது."

கைபேசியில் கூட்டின் அசைவுப் படத்தைக் காட்டினேன். வெறும் கோடுகளால் ஆன ஒரு உருவம் முதுகைக் காட்டி உட்காருகிறது, இடுப்பை இடப்பக்கம் ஒருமுறை ஒடிக்கிறது, எழுகிறது.

"ராணுவத்துல அடிபட்டவங்களைத் தோள்ல குறுக்கா போட்டுத் தூக்கத்தான் சொல்லித்தர்றாங்க. இவர் இப்படித் தூக்கியிருக்கார். இது எங்கேருந்து வந்ததுன்னு தெரியலை ஐயா."

மாசிலாமணி படத்தையே பார்த்தார். இரண்டாம் முறை ஓடவிட்டேன். எழுந்து போய் அடுக்கிலிருந்த மூட்டை ஒன்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சாக்கின் மூலைக் காதுகளைப் பிடித்தார். இடுப்பை இடப்பக்கம் ஒருமுறை ஒடித்தார். எழுந்தார். எழுபத்தைந்து கிலோ அவர் முதுகில் பூனைக்குட்டிபோல் உட்கார்ந்திருந்தது. இறக்கி வைத்துவிட்டு வந்து மூச்சு வாங்காமல் சொன்னார்:

"அந்த ஒடி ஒடிக்கலன்னா எடை ஒரு பக்கமா சாஞ்சிடும்மா. ஆள் உயுந்துடுவான்."

பிறகு கேட்டார்: "அவனுக்கு வலிச்சுதா?"

"இல்லை ஐயா. குண்டு பட்டதுமே உயிர் போயிடுச்சு."

"அப்பால எப்படி ஆறு பேர?"

பிரிகேடியரிடம் சொன்னதையே சொன்னேன், சின்னச் சின்ன வார்த்தைகளில். இரண்டு வருடம் அவன் நடந்த நடையைக் கூடு கற்றுக்கொண்டது என்றேன். அவன் போனது தெரியாமல் அவன் செய்வதையே செய்தது என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மகனுடைய உடலை ஒரு இயந்திரம் ஏழு மணி நேரம் மலையில் ஏற்றி இறக்கியிருக்கிறது. அதை எழுதியவள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

"நானும் ஏழுமலையும் இருவது வருசம் ஜோடியா தூக்கினோம்" என்றார். "லாரி மேல அடுக்கறப்போ ரெண்டு பேர் ஒரு மூட்டய புடிக்கணும். ஒரு தபா அவன் நெஞ்சு அடைச்சி சாஞ்சிட்டான். எனக்கு தெரில. இன்னும் நாலு அடி ஏறினப்பறம்தான் பாத்தேன், அவன் கை மூட்டயிலயே கீது, கால் மட்டும் இழுத்துகினு வருது. ரொம்ப நாள் கூட தூக்கினா அப்டிதாம்மா. எங்க அவன் நின்னான், எங்க நீ நின்னேன்னு தெரியாது."

"ஏழு பன்னிரண்டுன்னு எழுதினா விருது கிடைக்காது ஐயா. எழுதாம விடவும் வழி இருக்கு. உங்களைக் கேக்காம எதுவும் செய்ய மனசு வரலை."

தலையில் சுற்றியிருந்த துண்டைக் கழற்றி மடித்தார்.

"அவன் பயந்த புள்ளம்மா. கெணத்துகிட்ட கூட போமாட்டான். மல மேல எப்படித்தான் இருந்தானோ."

விளிம்பைப் பற்றிச் சொன்னேன். தினமும் அரை நொடி நின்றதையும், பிறகு போனதையும், அவன் இறந்த பிறகும் பதினோரு முறை அப்படியே நடந்ததையும் சொன்னேன். அப்போதுதான் அவர் அழுதார். எடைமேடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நேரத்த மாத்தாதம்மா" என்றார். "மாத்துனா, பயந்துகினே போனான்னு நீ சொன்னதும் பொய்யின்னு ஆயிடும்."

விசாரணைக்கு நான்கு நாள் முன்பு இரண்டாவது பெட்டி உலர்ந்தது. அதில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் திறந்தேன். ஆறாவது ஆளை இறக்கிய பிறகு கூடு மறுபடி மேலே ஏறியது எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலை தேடிப்போனவர்கள் சிகரத்தில்தான் உடலை எடுத்தார்கள். நிற்கத் தெரியாத பொம்மை வெறுமனே போய்வந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

முழுதும் படித்தேன். அன்று வேறு வேலை செய்யவில்லை.

விசாரணை அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். தலைமை வகித்தவர் ஒரு பெண் ஜெனரல். அவருக்குத் தமிழ் தெரியாது, பிரிகேடியர் மொழிபெயர்த்தார். நான் ஏழு பன்னிரண்டு என்று வாசித்தேன். ஆறு நடைகளையும் வாசித்தேன். ஒருவர் பேனாவை மூடி வைத்தார். முடிந்துவிட்டது என்பதுபோல.

"ஏழாவது நடை இருக்கு" என்றேன்.

"அதுல தூக்க யாரும் இல்லையே" என்றார் பிரிகேடியர். "மூணு பேர் அவங்களாவே ஊர்ந்து இறங்கிட்டாங்க. ஆறு பேரை இது இறக்கிடுச்சு."

"ஆமா சார். ஒன்பது பேர். பிரிவுல பத்துப் பேர்."

அவர் மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஒவ்வொருத்தர் மார்புலயும் ஒரு பொத்தான் இருக்கு. யார் எங்கே இருக்காங்கன்னு எல்லாக் கூட்டுக்கும் அது சொல்லிக்கிட்டே இருக்கும். துடிப்பு நின்னா, கடைசியா இருந்த இடத்தைச் சொல்லிட்டு அணைஞ்சிடும். அன்னைக்கு ஏழு பன்னிரண்டுக்கு ஒரு பேர் அணைஞ்சது. கூட்டோட பட்டியல்ல ஒன்பது பேர் கீழே பங்கர்ல இருந்தாங்க. ஒருத்தர் மேலே இருந்தார். லான்ஸ் நாயக் தணிகைவேல்."

பேனாவை மூடியவர் அதை மறுபடி திறந்தார்.

"பட்டியல்ல இருக்கிற அந்த ஆளும், தன்னைக் கட்டியிருக்கிற ஆளும் ஒருத்தர்தான்னு நாங்க அதுக்குச் சொல்லித்தரலை. தேவைப்படும்னு யாருக்கும் தோணலை. ஒருத்தரை விட்டுட்டு வந்தா அவர் என்ன செஞ்சிருப்பார்னு மட்டும் அதுக்குத் தெரியும். மூணரை மணிக்கு அவரோட துடிப்பு நின்ன இடத்துக்கே போயிருக்கு. அங்கே யாரும் இல்லை. பனி மூடியிருக்கும்னு மண்டி போட்டுத் தோண்டியிருக்கு. ஒன்றரை மணி நேரம். பேட்டரி தீர்ற வரைக்கும். உடலை எடுத்தவங்க எழுதின குறிப்புல இருக்கு, கையுறை ரெண்டும் கிழிஞ்சிருந்ததுன்னு, முன்னாடி இடுப்பளவு குழி இருந்ததுன்னு. எதுக்கு அந்தக் குழின்னு யாரும் கேட்டிருக்கலை."

பிரிகேடியர் மொழிபெயர்க்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு முடித்தார். ஜெனரல் பதிவை வாங்கித் தானே பார்த்தார்.

ஆறு வாரத்தில் அறிவிப்பு வந்தது. விருது கொடுத்தார்கள். சான்றிதழில் காலை ஏழு பன்னிரண்டுக்கு வீரமரணம் என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில், ஏழு பதினாறிலிருந்து பிற்பகல் இரண்டு ஐம்பது வரை தன் தோழர் ஆறு பேரைச் சுமந்து காப்பாற்றினார் என்று எழுதியிருந்தது. இரண்டு வரிக்கும் நடுவே விளக்கம் எதுவும் இல்லை. அதே வாரம் எங்களுக்கும் ஒரு உத்தரவு வந்தது: இதயம் நின்ற நொடியில் எல்லாக் கூடுகளும் பூட்டிக்கொள்ளும்படி திருத்தவும். திருத்தினேன். கையெழுத்துப் போட்டேன். சரியான உத்தரவுதான். உள்ளே இறந்தவனோடு ஒரு இயந்திரம் மலையில் நடக்கக் கூடாது.

மாசிலாமணிக்குச் சொல்ல ஆற்காட்டுக்குப் போனேன். நெல் வரத்து குறைந்த நாள்; அடுக்குகள் பாதி காலியாக இருந்தன. விருதைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினார். ஏழாவது நடையைப் பற்றிச் சொன்னபோது கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். மேலே ஏறியதை, விளிம்பில் நின்று போனதை, மண்டி போட்டதை, கையுறை கிழிந்ததை.

சொல்லி முடித்தேன். லாரி ஒன்று பின்வாங்கி வந்து மேடையில் இடித்து நின்றது. அவரைக் கூப்பிட்டார்கள். அவர் எழவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி விசாரிப்பதுபோல், மெதுவாக, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்:

"அம்மாம் நேரம் தேடிச்சே. கெடைச்சானாம்மா?"